ஈக்குக் கேசரி கிண்டிய வீடு

அம்மாவுக்கு என் படிப்பில் ஒரே ஒரு மனக்குறை. வெளியில் சொல்லிக்கொள்ள முடியவில்லை என்பதுதான் அது.

"பொண்ணு படூர்ல காலேஜ்ல பாடம் எடுக்குதுன்னா எல்லாரும் தலையாட்றாங்க. மேல டாக்டர் பட்டத்துக்கு வேற படிச்சிகினு கீதுன்னா அதுக்கும் தலையாட்றாங்க. எத்தப் பத்தின்னு கேட்டா நான் இன்னாத்தச் சொல்றது? வாழப்பழத்துல மொய்க்கிற ஈயப் பத்தின்னா?"

சொல்லவே மாட்டாள். "ஏதோ சயின்ஸு" என்று முடித்துக்கொண்டு காய்கறி விலைக்குப் போய்விடுவாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. பழ ஈயோடு அவள் நடத்திய போர் அப்படி. கருங்குழியிலிருந்து சித்தி வரும்போதெல்லாம் ஒரு சீப்பு பழம் கொண்டுவருவாள். இரண்டு நாளில் தோல் கறுக்கும், மூன்றாம் நாள் எங்கிருந்தோ அந்த எள்ளளவு ஈக்கள் வந்து இறங்கிவிடும். அம்மா துண்டை எடுத்து வீசுவாள். கலையும். அவள் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொள்வதற்குள் மறுபடி அதே பழத்தில் வந்து உட்காரும். "எம்மாந் திமிரு பாரு!" என்று அம்மா மூச்சு வாங்குவாள். அதைப் பார்த்து நான் சிரித்தால், துண்டு என் முதுகில் விழும்.

எனக்கு அந்தத் திமிர்தான் பிடித்திருந்தது. அவை பழத்துக்கு வருவதுகூட இல்லை. பழம் புளிக்கத் தொடங்கும்போது வருகிற வாசனைக்குத்தான் வருகின்றன. நூறு வருஷத்துக்கு மேலாக உலகத்து ஆய்வகங்களில் கண்ணாடிக் குழாய்களுக்குள் குடியிருப்பவையும் இதே ஈக்களின் சொந்தக்காரர்கள்தான். நம்மிடம் இருக்கிற மரபணுக்களில் நிறைய அவற்றிடமும் உண்டு. நமக்கு வரும் நோய்களில் பலவற்றை அவற்றின் உடம்பில் வரவழைத்துப் பார்க்கலாம். முட்டை ஈயாக இரண்டு வாரம்கூட ஆகாது. ஒரு செமஸ்டர் முடிவதற்குள் எள்ளுப்பேரன் வரை பார்த்துவிடலாம். ஆண் ஈ பெண்ணைக் கண்டால் ஒரே ஒரு இறக்கையை மட்டும் நீட்டி அதிரவிட்டுப் பாடும். முதன்முதலில் அதைப் பார்த்த அன்று மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே "அடப்பாவி!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்த மாணவிகள் பயந்துபோனார்கள்.

கத்துவது எனக்கு நைனாவிடமிருந்து வந்த சொத்து. அப்பாவை எங்கள் வீட்டில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் புதுப்பட்டினம் வரை கம்பெனி பஸ் ஓட்டியவர். இன்ஜின் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி, வீட்டிலும் அதே சத்தம்தான். நானும் குறைந்தவள் இல்லை. டிவி சத்தத்துக்கு ஒரு சண்டை, குழம்பில் உப்புக்கு ஒரு சண்டை, நான் வண்டி ஓட்டுகிற லட்சணத்துக்கு ஒரு சண்டை. நாங்கள் மூன்று பேர்தான் வீட்டில், ஆனால் வெளியிலிருந்து கேட்டால் முப்பது பேர் இருப்பதுபோல இருக்கும். சண்டை முடிந்த கையோடு, "நாஸ்தா துன்னியா?" என்று அவரே கேட்பார். அது எங்கள் வீட்டு மொழி, அவ்வளவுதான்.

நைனாவுக்காகத்தான் இந்த ஆராய்ச்சியை எடுத்தேன் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. நடுக்குவாதம் வந்த ஈக்களை நான் பார்த்துக்கொண்டிருந்தது முதலில். நைனாவின் இடது கையைப் பார்த்தது பிறகு. ஒருநாள் காலையில் அவர் தெருவில் நடந்து வந்துகொண்டிருந்தார். வலது கை வீசி வந்தது, இடது கை வீசவில்லை. வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரமே செங்கல்பட்டுக்கு அழைத்துப் போனேன். டாக்டர் அவரை நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், எழுதிப் பழகிய அந்த இடது கையாலேயே ஒரு வரி எழுதச் சொன்னார். எழுத்து போகப் போகச் சிறுத்துக்கொண்டே போனது. டாக்டர் வாய் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மனசு அமைதியா இருக்கணும், பதற்றம் கூடாது" என்று டாக்டர் பொதுவாக ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். அம்மா அதைச் சட்டமாக்கிவிட்டாள்.

"இனிமே இந்த வூட்ல யாரும் கத்தக் கூடாது. உன்னையும்தான் சொல்றேன்" என்றாள், என்னைப் பார்த்து.

அன்றிலிருந்து எங்கள் வீடு ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது. நைனா டீயைக் கொட்டினால், "பரவால்ல நைனா" என்று மெல்லிய குரலில் சொன்னேன். அவர் டிவியை அலறவிட்டால் நான் எழுந்து மாடிக்குப் போனேன். ஒவ்வொன்றாக அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டோம். முதலில் வண்டிச் சாவி. அப்புறம் சவரக் கத்தி. அப்புறம் மார்க்கெட்டுக்குப் போகிற பை. டீகூட அரை டம்ளர்தான். எல்லாமே பாசத்தில் செய்ததுதான். இந்த நடுக்கத்துக்கு ஒரு குணம் உண்டு: கை ஒரு வேலையில் இருக்கும்போது அடங்கிவிடும், சும்மா மடியில் கிடக்கும்போதுதான் ஆடும். அது எனக்குப் பாடமாகவே தெரியும். தெரிந்தும், அந்தக் கையை மடியில் கிடத்தி வைத்திருந்தோம்.

போன மே மாதம் கல்லூரி ஆய்வகத்தில் ஏசி படுத்துவிட்டது. மெக்கானிக் இன்று வருவார், நாளை வருவார் என்று வாரம் ஓடியது. பழ ஈ நம் ஊர் வெயிலைத் தாங்காது. சூடு ஏறினால் ஆண் ஈக்கள் மலடாகிவிடும், அந்த வம்சமே அறுந்துபோகும். நான் வைத்திருந்ததோ பார்த்துப் பார்த்து வளர்த்த வம்சம். அது போனால் இத்தனை வருஷ வேலையும் போச்சு. வீட்டில் நைனாவின் அறையில் ஏசி இருந்தது. வெயிலில் அவர் துவண்டுபோகிறார் என்று போட்டது. வழிகாட்டிப் பேராசிரியரிடம் சொல்லிவிட்டு, மீன் ஏற்றுகிற தெர்மோகோல் பெட்டி ஒன்றை வாங்கி, குழாய்களை அடுக்கி, நடுவில் ஐஸ் பொட்டலம் வைத்துப் பஸ் ஏறினேன்.

கோவளம் தாண்டியதும் கண்டக்டர் பெட்டியைப் பார்த்தார். "இன்னா மீனுக்கா? நாறாம மூடிக்கீறியா?"

"மீன் இல்ல. ஈ."

"இன்னாது?"

"ஈ. உயிரோட. ஆராய்ச்சிக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மாமல்லபுரம் வரும்வரை என் பக்கமே வரவில்லை. பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு, எனக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன்.

நைனாவின் அறையில் ஜன்னலோரம் ஒரு மேசை போட்டு, குழாய்களை வரிசையாக வைத்தேன். விரல் நீளக் கண்ணாடிக் குழாய்கள், வாயில் பஞ்சு அடைப்பு, அடியில் பழுப்பு நிறத்தில் உணவு. நைனா கட்டிலில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை மடியில் ஆடிக்கொண்டிருந்தது.

"ஈக்கு ஏசி ரூமு. நடக்கட்டும்" என்றார்.

அந்த உணவு வேறு ஒரு கதை. ரவை, வெல்லம், ஈஸ்ட், கெட்டிப்பட கொஞ்சம் அகர், எல்லாம் போட்டுக் கிண்ட வேண்டும். நான் கிண்டியதைப் பார்த்து அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "கட்டி கட்டியா கீது, எந்த ஈ துன்னும் இத்த? தள்ளு" என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். ரவையை முதலில் வறுத்துவிட்டாள். முந்திரி போடலாமா என்று கேட்டாள். "ஊரு ஒலகத்துல ஈக்குக் கேசரி கிண்டற வூடு இது ஒண்ணுதான்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அடுப்புக்குப் பக்கத்திலேயே, சித்தி கொடுத்த பழத்தில் மொய்த்த ஈக்களைத் துண்டால் விரட்டிக்கொண்டும் இருந்தாள். எந்த ஈயை அடிப்பது, எந்த ஈக்குச் சோறு போடுவது என்று அவளுக்கே குழம்பிப்போனது.

என் பரிசோதனை மிகச் சுலபமானது. மடித்த துண்டின் மேல் குழாயைத் தட்டினால் ஈக்கள் எல்லாம் அடியில் விழும். விழுந்ததும் மேலே ஏறத் தொடங்கும். அது அவற்றின் இயல்பு. குழாயின் நடுவில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு. சில விநாடிகளில் எத்தனை ஈ அந்தக் கோட்டைத் தாண்டுகிறது என்று பார்ப்பேன். நல்ல ஈக்கள் விறுவிறுவென்று ஏறிவிடும். நோய் உள்ளவை தயங்கும். கொஞ்சம் ஏறும், நிற்கும், சறுக்கும்.

நைனா இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் கேட்டார். "அந்தப் பக்கத்து டப்பால கீறவன்லாம் டகடகன்னு ஏறிப்போறான். இந்த வரிசைல கீறவனுங்களுக்கு இன்னா கேடு?"

என்ன சொல்வது என்று யோசித்தேன். அவரிடம் ஒளித்துப் பழக்கமில்லை. "நரம்புல பிரச்சினை நைனா. மூளைல ஒரு பொருள் கம்மியா சுரக்கும். அதான் மெதுவா..."

"எனக்குக் கீற நோவா?"

"ஆமா."

நைனா எழுந்து மேசைக்கு வந்து குனிந்து, குழாய்க்குக் கிட்டத்தில் கண்ணை வைத்துப் பார்த்தார். ஒரு ஈ கோட்டுக்கு வெகு கீழே நின்றுகொண்டிருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார். ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

"அப்ப நம்ம ஆளுங்க" என்றார்.

அந்த ஈ மெல்ல மெல்ல ஏறிக் கோட்டைத் தாண்டியது. "தோ, வந்துட்டான் பாரு!"

"நேரம் முடிஞ்சுபோச்சு நைனா. அது கணக்குல வராது."

"ஏன் வராது? லேட்டா வந்தாலும் வண்டி ஷெட்டுக்கு வந்துச்சுன்னா ட்ரிப்பு ட்ரிப்புதான். நல்லா கணக்கு எடுக்கற நீ."

பழைய நாளாக இருந்தால், "உனக்கு இன்னா தெரியும் இதப் பத்தி?" என்று ஒரு பிடி பிடித்திருப்பேன். "சரி நைனா" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கட்டிலுக்குப் போனார்.

ஆனால் அன்றிலிருந்து அவை நைனாவின் ஈக்கள். நான் விடைத்தாள் திருத்தப் படூருக்குப் போகிற நாட்களில் அவர்தான் காவல். ஏசி எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வார். மெதுவாக ஏறும் குழாய்களைக் காலையிலும் மாலையிலும் தட்டிப் பார்ப்பார். குழாயைப் பிடித்திருக்கும்போது அவர் கை ஆடாது. நான் திரும்பி வந்ததும் ஒப்பிப்பார்: மூன்றாவது டப்பாவில் ஒருத்தன் இன்றைக்கு உச்சி வரைக்கும் போனான், கோடியில் இருக்கிற டப்பாவில் புதுசாகக் குட்டிகள் வந்திருக்கிறார்கள், ஒருத்தன் இறக்கையை நீட்டிக்கொண்டு ஒருத்தி பின்னாலேயே சுற்றுகிறான். "ஏற முடியல, எறங்க முடியல, ஆனா பாட்டு மட்டும் கொறையல அந்தப் பயலுக்கு" என்று அவர் சொல்ல, அம்மா சமையலறையிலிருந்து, "யாரச் சொல்றன்னு தெரியுது" என்பாள். ரொம்ப நாளைக்குப் பிறகு நைனா வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு முக்கியமாகிவிட்டது. ஆராய்ச்சி முடிவைவிட முக்கியம் என்று சொன்னால் என் வழிகாட்டி கோபித்துக்கொள்வார், ஆனால் உண்மை அதுதான். அவரிடம் மிச்சமிருந்த ஒரே வேலை அந்த ஈக்களைப் பார்த்துக்கொள்வதுதான். அதுவும் கைவிட்டுப் போனால் அவர் அந்தக் கட்டிலிலேயே சுருண்டுவிடுவார் என்று பயந்தேன்.

வெல்லம் இருக்கிற இடத்துக்கு எறும்பு வராமல் இருக்குமா? ஒருநாள் காலையில் மேசைக் காலில் ஒரு வரிசை ஏறிக்கொண்டிருந்தது. ஒரு குழாயின் பஞ்சைத் துளைத்து உள்ளே போய், இரண்டு புழுக்களை இழுத்துக்கொண்டும் வந்துவிட்டது. நைனா பதறிப்போனார். மேசையின் நான்கு காலுக்கும் அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தேன். அன்றைக்கே அம்மா கூட்டும்போது அதை இடறித் தண்ணீரைக் கொட்டினாள். "பேஜாரா கீதுடி இது" என்று முணுமுணுத்தாள். மெல்லிய குரலில்தான்.

மறுநாள் நான் படூரில் விடைத்தாளோடு இருந்தபோது நைனா ஒரு காரியம் செய்திருக்கிறார். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்த நேரம், கைலியோடு எழுந்து, தெருமுனைக் கடை வரைக்கும் தனியாக நடந்து போயிருக்கிறார். பல மாதத்தில் அதுதான் முதல் தடவை. அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது நேரமாகிவிட்டது. தலைவலி என்று சாப்பிட்டுப் படுத்துவிட்டேன். ஈக்களைப் போய்ப் பார்க்கவில்லை. காலையிலும் அவசரமாகக் கிளம்பிவிட்டேன்.

மதியம் ஃபோன் வந்தது. நைனா தானாக ஃபோன் செய்வதே இல்லை, எண்ணை அழுத்த விரல் ஒத்துழைக்காது. அம்மாதான் போட்டுக்கொடுப்பாள். அன்று அவரே போட்டிருந்தார்.

"பாப்பா. நம்ம ஆளுங்க எல்லாம் ஆடறானுங்க."

"ஏறுறாங்களா நைனா?"

"ஏறல. மல்லாக்கக் கெடக்கறானுங்க. காலு மட்டும் உதறிகினு கீது. என் கை மாதிரியே. சில பேரு உதறி உதறி அடங்கிட்டான்."

"நான் வந்து பாக்கறேன்."

"கடைசில இப்டிதான் ஆவுமா?"

அவர் ஈயைப் பற்றிக் கேட்கவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

விடைத்தாளைக் கட்டி வைத்துவிட்டு ஓடினேன். பஸ் ஊர்ந்தது. திருப்பித் திருப்பி யோசித்தேன். நோய் உள்ள ஈக்களை வருஷக்கணக்காக வளர்க்கிறேன். மெதுவாகும், தடுமாறும், வயதாகிச் சாகும். ஒரே நாளில் எல்லாம் சேர்ந்து மல்லாந்து காலை உதறாது. அப்படி உதற வைப்பது ஒன்றே ஒன்றுதான், விஷம். கொசு மருந்து எதையாவது அம்மா ப்ளக்கில் செருகிவிட்டாளா? ஊருக்குள் நுழையும்போதே அவள் மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அறைக்குள் போனேன். நைனா மேசைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லையாம். மடியில் கை பலமாக ஆடிக்கொண்டிருந்தது. குழாய்களின் அடியில் ஈக்கள் கறுப்பு எள் சிந்தியதுபோலக் கிடந்தன. ஒன்றிரண்டு இன்னும் உதறிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் கோட்டைப் பார்த்தேன்.

மேசையின் நான்கு ஓரத்திலும் வெள்ளைக் கோடு. ஒவ்வொரு குழாயின் கழுத்திலும் ஒரு வெள்ளை வளையம். ஜன்னல் விளிம்பில் பாதி தேய்ந்த எறும்பு சாக்பீஸ். பஞ்சை எடுத்துப் பார்த்தேன், அதன் ஓரத்திலெல்லாம் வெள்ளைப் பொடி. கோடு போட்ட கையோடு, எறும்பு உள்ளே போயிருக்கிறதா என்று ஒவ்வொரு பஞ்சையும் எடுத்துப் பார்த்து மூடியிருக்கிறார். எறும்பைக் கொல்கிற பொடி ஈயை விடுமா?

என் உடம்பில் ரத்தம் தலைக்கு ஏறியது. திட்டு வாய் வரை வந்துவிட்டது. ஆனால் அந்தக் கோடு. அது ஒரு இடத்தில்கூட நெளியவில்லை. கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று பேங்கில் திருப்பி அனுப்பினார்களே, அதே கை நான்கு ஓரத்துக்கும் நூல் பிடித்ததுபோல இழுத்திருந்தது. ஒவ்வொரு வளையமும் ஆரம்பித்த இடத்திலேயே வந்து முடிந்திருந்தது. எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்! மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டிருப்பார். நம்ம ஆளுங்களைக் காப்பாற்றத்தான் போட்டிருக்கிறார்.

உண்மையைச் சொன்னால், அத்தனையையும் கொன்றது அவர் கை என்று ஆகிவிடும். இனி ஒரு வேலையைத் தொடமாட்டார். சொல்லாவிட்டால், தன் நோயின் முடிவு இதுதான் என்று நினைத்துக்கொண்டு நாள் முழுக்க அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, நான் அந்த ஆஸ்பத்திரிக் குரலை எடுத்தேன்.

"இது நோய் இல்ல நைனா. நடுவுல கரண்டு போயிருக்கும். சூடு தாங்காம செத்துருக்கு."

"கரண்டு போவலியே" என்றார் நைனா. "நான் இங்கதான குந்திகினு இருந்தேன்."

"வோல்டேஜ் கம்மியா இருந்திருக்கும். பரவால்ல. வேற வாங்கிக்கலாம்."

ஈரத் துணி ஒன்றை எடுத்துவந்து, தற்செயலாகத் துடைப்பதுபோல மேசை ஓரத்தைத் துடைக்கத் தொடங்கினேன். ஒரு சாண் துடைத்திருப்பேன்.

"நிறுத்து."

நிறுத்தினேன்.

"அந்தப் பொடிதான?"

நான் துணியைத் திருப்பி மடித்தேன்.

"இத்தினி வருஷம் வண்டி ஓட்டனவன் நான். இடிச்சது டிரைவருக்குத் தெரியாதா? நீ உள்ள வந்ததும் எங்க பாத்தன்னு நான் பாத்தேன். ஈயப் பாத்த, அப்பறம் கோட்டப் பாத்த, அப்பறம் என்னப் பாக்கவே இல்ல." அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "சொல்லு. அந்தப் பொடிதான?"

"ஆமா."

"நோவு இல்ல."

"நோவு இல்ல நைனா. சத்தியமா இல்ல. விஷம்தான். விஷம் பட்டா நல்ல ஈயும் இப்படித்தான் உதறும். பக்கத்து வரிசைல பாரு, அதுவும் செத்துக் கெடக்கு."

அவர் எழுந்து குனிந்து பார்த்தார். நல்ல ஈக்களின் குழாயிலும் அதே கதிதான். நாற்காலியில் மறுபடி உட்கார்ந்து, நீளமாக ஒரு மூச்சு விட்டார். முகத்திலிருந்த ஏதோ ஒன்று இறங்கியது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"எல்லாம் போச்சா?"

"கூட்டுப்புழு கண்ணாடில ஒட்டிகினு இருக்கு பாரு, பழுப்பா, அரிசி ஒடைசல் மாதிரி. அது கூட்டுக்குள்ள இருக்கறதால பொழைச்சிருக்கும். கழுவி எடுத்து வேற டப்பால வெச்சா வெளிய வரும்."

"அப்ப வம்சம் போவல."

"போகல."

தலையை ஆட்டினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்பறம் ஏன் பொய் சொன்ன?"

"நீ கஷ்டப்படுவேன்னு..."

"கஷ்டப்பட்டா படறேன். நான் பண்ண தப்பு. எம் பொண்ணு இத்தினி வருஷம் மெனக்கெட்டது, நான் ஒரு சாக்பீஸ்ல சாவடிச்சிட்டேன். நீ பரவால்லங்கற. டீயக் கொட்னாலும் பரவால்ல, இத்தக் கொட்னாலும் பரவால்லயா? நான் இன்னா செத்தா பூட்டேன்?" அவர் கண் கலங்கியிருந்தது. "ஒருத்தரும் என்னத் திட்டறது இல்ல பாப்பா இப்போ. திட்டு. வாயில வந்தத மென்னு முழுங்கனியே, அத்தத் திட்டு."

எனக்கு அழுகை வந்தது. அழுகையோடு சேர்ந்து அந்தக் கோபமும் வந்தது, இவ்வளவு நாள் மாடியில் போய்க் கொட்டிய கோபமெல்லாம்.

"அறிவு இருக்கா நைனா உனக்கு?" என்று கத்தினேன். "எறும்பச் சாவடிக்கிற மருந்து ஈயச் சாவடிக்காதா? ஈ இன்னா யானையா? கேக்க மாட்டியா? ஒரு ஃபோன் போட்டுக் கேட்டா கொறஞ்சாப் போவ? பஞ்ச யாரு தொறக்கச் சொன்னது? தனியா கடைக்கு வேற போயிருக்க, வுழுந்து வெச்சா யாரு பதில் சொல்றது? எப்பவும் இப்படித்தான், உனக்குத்தான் எல்லாம் தெரியும், யார் பேச்சும் கேக்கறது இல்ல! அப்பவும் அப்படித்தான், இப்பவும் அப்படித்தான்!"

"ஏய், நீ இன்னா ஒழுங்கு?" நைனாவும் ஏறினார். "இது ஆவாதுன்னு முன்னாடியே சொல்லி வெச்சியா? முந்தா நேத்து எறும்பு வந்துச்சே, கிண்ணத்துல தண்ணி வெச்சிட்டுப் பூட்ட. அது ஒரு வேலையா?"

அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். "இன்னாங்கடி இது, தெருக்கோடிக்குக் கேக்குது! கத்தக் கூடாதுன்னு சொல்லி கீறேன்ல?"

"கத்தட்டும் வுடு" என்றார் நைனா, என் மேலிருந்து கண்ணை எடுக்காமல். "ரெண்டு வருஷமாச்சு கேட்டு."

அம்மா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து, "ஒரு சட்டி கேசரி அத்தினியும் வீணாப் போச்சு, அத்த யாரு கேக்கறா?" என்று அவள் பங்குக்கு ஒரு கத்து கத்திவிட்டுப் போனாள்.

நான் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேசையின் பக்கம் திரும்பினேன். நைனா இடது கையை நீட்டினார்.

"துணியக் குடு. நான் போட்ட கோடு, நான் தொடைக்கிறேன்."

கொடுத்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டு, ஒரு ஓரத்திலிருந்து நிதானமாகத் துடைத்துக்கொண்டு வந்தார். துணியைப் பிடித்த கை ஆடவில்லை. நான் தண்ணீர்க் கிண்ணத்தையும் மெல்லிய தூரிகையையும் எடுத்து வைத்து, ஒவ்வொரு கூட்டுப்புழுவாக நனைத்து எடுக்க உட்கார்ந்தேன்.

"முடிஞ்சுதா?" என்றார் நைனா கொஞ்ச நேரம் கழித்து.

திரும்பிப் பார்த்தேன். "எங்க முடிஞ்சுது? அந்த மூலைல பாதி அப்படியே கீது பாரு. கண்ணு தெரியலயா? ஒழுங்காத் தொடை."

"தொடைக்கறேன், தொடைக்கறேன். ஏன் கத்தற?" என்று சொல்லிக்கொண்டே அந்த மூலைக்குப் போனார்.